நனைந்த தானியம்

இரத்தினபுரிக்கு நான் முதன்முதலில் போனது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அப்போது எனக்கு வயது பத்து இருக்கும். கடைசியாகப் போனது சென்ற பெப்ரவரியில், வாப்பா விட்டுச்சென்ற ஒரு கணக்கைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதற்காக.

வாப்பா ஒரு சிறிய கல் வியாபாரி. பெரிய முதலாளிமாரைப் போல இரும்புப் பெட்டியோ, கண்ணாடி அலுமாரியோ அவரிடம் இருந்ததில்லை. ஒரு தோல் பை, ஒரு கைலென்ஸ், ஒரு டோர்ச் லைட், மடித்த வெள்ளைக் கடுதாசிகள் கொஞ்சம். இவற்றோடு பஸ்ஸிலும் கால்நடையாகவும் இரத்தினபுரி, பெல்மதுளை, கஹவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் சுற்றுவார். குழிக்காரர்களிடம் வாங்குவார், சில வேளைகளில் தோட்டத்து ஆட்களிடமும் வாங்குவார். வாங்கியதை எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். உம்மாவும் போனபின், வீட்டைப் பிள்ளைகள் நால்வரும் பங்கு வைக்க உட்கார்ந்த அன்று, அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது.

1979ஆம் ஆண்டின் ஒரு பக்கத்தில், ஒரு வரியைச் சுற்றி மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஒரு தோட்டத்தின் பெயர், ஓர் ஆளின் பெயர், 'பால் கல் 1', 'ரூ. 200'. அவ்வளவுதான். ஆனால் அந்த வரியின் கதை எனக்குத் தெரியும். வாப்பா தன் கடைசி நாட்களில், ஓர் இரவு, கேட்காமலே சொன்னார்.

அந்தக் காலத்தில் 'கெவுடா' என்ற கல்லுக்கு நம் நாட்டில் மதிப்பில்லை. குருந்தக்கல் வகைதான் அது. நீலத்துக்கும் பதுமராகத்துக்கும் உடன்பிறப்பு. ஆனால் உள்ளே பட்டு நூல்போல ஓடும் நுண்ணிய ஊசிப் படிகங்களால் பால் கலங்கியது போல இருக்கும். இல்லத்தைக் கழுவிப் பார்ப்பவர்கள் இதைக் கண்டால் ஒதுக்கிப் போடுவார்கள். எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் இந்த ஒதுக்கிய கற்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவற்றை 1,500 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் வைத்தால் ஊசிகள் கரைந்து, அவற்றில் இருந்த டைட்டேனியம் கல்லில் உள்ள இரும்போடு சேர்ந்து, பால் கலங்கல் போய் நீலம் எழும். நம்மவர்கள் பலருக்கு இந்த வித்தை வெகுநாள் தெரியாது. 'தாய்க்காரன் ஏதோ பைத்தியம், பால் கல்லுக்குக் காசு கொடுக்கிறான்' என்றுதான் பேச்சு.

வாப்பாவுக்கும் சூளை வித்தை தெரியாது. ஆனால் விலை தெரியும். பேருவளை முதலாளி ஒருவர் மூலம், நல்ல பருமனான பால் கல்லுக்குத் தாய்லாந்துக்காரர் என்ன கொடுக்கிறார் என்று அவருக்குச் சில மாதங்கள் முன்பே தெரிந்திருந்தது. தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டும் ஒருவர், மழைக்குப் பின் ஓடையில் கால் கழுவும்போது கிடைத்தது என்று ஒரு கல்லைக் காட்டினார். 'இது பால் கல்லுத்தானே' என்றாராம் வாப்பா. அது பொய்யில்லை. இருநூறு ரூபாய் கொடுத்தார். அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். அவருக்கு அது பல வாரக் கூலி. அந்தக் கல் விற்ற காசில்தான் நாங்கள் வளர்ந்த வீட்டுக்கு அத்திவாரம் போடப்பட்டது.

'நான் பொய் சொல்லல்ல மகன். ஆனா அவர் கேட்டிருந்தா உண்மையும் சொல்லியிருக்க மாட்டன்' என்றார் வாப்பா.

இந்த வாக்கியம் என்னை விடவில்லை. நமது ஷரீஅத்தில் மய்யித்தின் கடன் தீர்க்கப்பட்ட பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. அப்படியானால் வீட்டைப் பிரிப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வட்டமிட்ட வரி ஒரு கடனா, இல்லையா?

என் தம்பி, 'நானா, வியாபாரம் ஹலால்தானே? விற்றவர் சம்மதிச்சுத்தானே விற்றார்? மௌத்தான வாப்பாட குறையத் தோண்டுறது நல்லதில்ல' என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் ஒரு மௌலவியிடமும் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொருளின் குறையை மறைப்பது விற்பவனுக்கு ஹராம், இங்கே வாப்பா வாங்கியவர், பொய்யும் சொல்லவில்லை, ஆகவே சட்டப்படி வியாபாரம் செல்லும், கடன் என்று சொல்ல முடியாது, பேணுதலுக்காக ஏதும் கொடுத்தால் அது நன்மை என்றார். சட்டம் அத்தோடு முடிந்தது. மனம் முடியவில்லை. பஸ் ஏறினேன்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். அவிசாவளை, எஹலியகொடை, குருவிட்ட என்று பாதை ஏறி இறங்கி, களுகங்கைக் கரையில் கொண்டுபோய் விடும். நம் முன்னோர் பாவா ஆதம் மலை என்று சொல்லிவந்த மலையின் சரிவுகளில் பிறந்து, இந்த நகரைத் தொட்டுக்கொண்டு, களுத்துறையில் கடலோடு சேரும் ஆறு அது. 1344இல் இந்நாட்டுக்கு வந்த இப்னு பதூதா அந்த மலையில் ஏறியதையும், இந்நாட்டின் மாணிக்கங்களைக் கண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். நான் போன காலையில் மலை தெளிவாகத் தெரிந்தது. ஆறு மெலிந்து, ஒன்றும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இதே ஆறு இந்த நகருக்குள் புகுந்து கடைகளை மூழ்கடித்ததை, ஆற்றைப் பார்த்தால் நம்ப முடியாது. கடைக்காரர்களைக் கேட்டால், தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள்.

கல் சந்தை கூடுவது சாவியா வீதியில். சாவியா என்ற அரபுச் சொல்லுக்கு மூலை என்று பொருள். ஸூபிகள் கூடி திக்ர் செய்யும் இடத்துக்கும் அதுவே பெயர். காலையில் அந்த வீதி நிறைய ஆட்கள் நிற்பார்கள். கடை என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை, உள்ளங்கையே கடை. கடுதாசி மடிப்பைப் பிரித்து, கல்லைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, டோர்ச் அடித்து, தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி விலை பேசுவார்கள். ஒருவர் பார்த்த கல்லை அடுத்தவர் பார்ப்பார், மூன்றாமவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். இரைச்சலான இடம்தான். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தபோது அந்த இரைச்சலின் பயன் விளங்கியது. பத்துப் பேர் பார்க்கிற இடத்தில், கல் கொண்டுவந்தவனுக்கு அதன் விலை ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது.

வாப்பா அந்தக் கல்லை இங்கே வாங்கவில்லை. இங்கிருந்து பல மைல் தள்ளி, ஒரு தோட்டத்து ஓடைக்கரையில் வாங்கினார்.

அங்கே நின்றபோதுதான், மத்ரஸாவில் படித்த ஒரு சட்டம் நினைவுக்கு வந்தது. பொருள் கொண்டுவரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து விலை அறிவதற்கு முன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி, அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து தான் ஏமாந்ததை அறிந்தால், வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. சம்மதம் இருந்ததா என்று மட்டும் இந்தச் சட்டம் பார்க்கவில்லை. அந்தச் சம்மதத்தைச் சொன்னவன் சந்தையைக் கண்டவனா என்றும் பார்க்கிறது.

இதைப் பற்றி, என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன ஆசிரிய நண்பரோடு பேசிக்கொண்டு போனேன். பலாங்கொடைப் பாதையில் தோட்டங்களின் பெயர்களை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்று 'ரை'. அதே பெயரில் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஆற்றோரமாக ஒரு பழைய சிறுநகர் உண்டு. அப்படிப்பட்ட ஆங்கிலச் சந்தை நகர்களிலும் இதே சட்டம் இருந்தது என்பது வியப்பானது. சுற்றுப்புறக் கிராமத்தவர் கோழியும் தானியமும் கொண்டு சந்தைக்கு வரும்போது, வழியில் மறித்து வாங்கி, சந்தையில் கூடிய விலைக்கு விற்பது அங்கே நெடுங்காலம் தண்டனைக்குரிய குற்றம். 1552இல் அதற்கென்று நாடாளுமன்றச் சட்டமே இயற்றினார்கள். பிறகு காலம் மாறியது. அடம் ஸ்மித் 1776இல் வெளியான தன் நூலில், இத்தகைய வியாபாரிகளுக்கு மக்கள் பயப்படுவது சூனியத்துக்குப் பயப்படுவது போன்றது என்று எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்தச் சட்டம் நீக்கப்பட்டிருந்தது; 1844இல் குற்றம் என்ற பெயரும் போயிற்று.

ஸ்மித்தின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வழியில் வாங்குபவனும் ஒரு வேலை செய்கிறான். பொருளைச் சுமக்கிறான், நட்டத்துக்கும் துணிகிறான். வாப்பாவும் எத்தனையோ வெறுங்கற்களை வாங்கி நட்டப்பட்டவர்தான். ஆனால் அந்த வாதத்துக்கு அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்பவன் விரும்பினால் சந்தைக்கு நடந்து போகலாம் என்பதே அது. 1979இல் அந்த இறப்பர்த் தொழிலாளி இரத்தினபுரிக்கு நடந்து போயிருக்க முடியுமா?

தூரத்தைச் சொல்லவில்லை. பஸ் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவரைப் போன்றவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தோரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களைப் பொருள்போல எண்ணிய காலம் அது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் லயம் லயமாகவே இருந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கம் அகழ்வது குற்றம். ஓடையில் கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிங்களம் சரியாகப் பேச வராத, கையில் குடியுரிமைத் தாள் இல்லாத ஒரு கூலியாள், கல்லோடு சாவியா வீதியில் வந்து நின்றிருந்தால், விலை கேட்பதற்கு முன் 'எங்கே களவெடுத்தாய்' என்றுதான் கேட்டிருப்பார்கள். சந்தை எல்லாருக்கும் திறந்திருந்தது, அவருக்குத் திறந்திருக்கவில்லை. வாப்பாவுக்கு அது தெரியும். ஓடைக்கரையில் நின்றபோது அவருக்கிருந்த மலிவு அங்கிருந்துதான் வந்தது.

தோட்டத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. லயத்தில் பழைய ஆட்கள் அதிகம் இல்லை. ஒரு மூதாட்டி மட்டும் அந்த மனிதரை நினைவு வைத்திருந்தார். 1977 கலவரத்திலேயே இவர்கள் ஒருமுறை காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய்விட்டதாம்.

'போனாங்க. அதோட ஒரு கடுதாசி வந்துச்சு. பெறகு ஒண்ணும் இல்ல' என்றார். வன்னி அதன் பிறகு கண்ட முப்பது ஆண்டுகளை நினைத்து, அதற்குமேல் அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் யாருடைய மகன் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. 'கல்லு நானா மகனா! வாப்பா இருக்காங்களா?' என்று கேட்டார். கொப்பியைத் திறந்து வட்டமிட்ட வரியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். வாப்பா செய்தது பிழை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேனா, இல்லை மன்னித்தோம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேனா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவர் சிரித்தார்.

'இந்த லயத்துக்கு அப்ப யாருங்க நானா வருவா? கங்காணி வருவாரு, கடன்காரன் வருவான். காசு குடுத்து வாங்குறதுக்குன்னு வந்த ஒரே ஆளு ஒங்க வாப்பாதான். இருநூறு ரூவாய்க்கு அந்த வருசம் அவுங்க புள்ளைக்குக் காது குத்துனாங்க. நாங்க எல்லாரும் சாப்புட்டோம்.'

வாப்பாவுக்காக இதைவிட நல்ல சாட்சியை நான் தேடியிருக்க முடியாது. தம்பியிடம் சொன்னால் அவனும் மகிழ்வான். ஆனாலும் திரும்பி நடக்கும்போது அந்தச் சொற்கள் கனத்தன. வேறு யாரும் வராத இடத்துக்கு வந்தவன் நல்லவனாகிறான். வேறு யாரும் வரவில்லை என்பதாலேயே அவன் சொல்வது விலையாகிறது. இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு பக்கம்.

இமாம் கஸ்ஸாலி, இஹ்யாவில், பொருளீட்டும் ஒழுங்குகளைப் பேசும் பகுதியில் பஸ்ரா வணிகர் ஒருவரின் கதையைச் சொல்கிறார். இவ்வாண்டு கரும்புக்கு நோய் விழுந்திருக்கிறது, சீனி வாங்கி வையுங்கள் என்று ஸூஸ் நகரிலிருந்து அவருடைய ஆள் எழுதுகிறான். அவர் வாங்குகிறார், முப்பதாயிரம் இலாபம் வருகிறது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. விற்றவரிடம் போய், நிலவரம் தெரிந்தும் உன்னிடம் மறைத்தேன், இந்தப் பணம் உனக்குரியது என்கிறார். அந்த மனிதர், இப்போது சொல்லிவிட்டீர்கள், மனமுவந்து விட்டேன் என்கிறார். வணிகர் வீடு திரும்புகிறார். அவர் வெட்கத்தால் அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று மறுபடியும் தூக்கம் கெடுகிறது. காலையில் மீண்டும் போய், அவர் வாங்கும்வரை விடவில்லை.

இந்தக் கதையில் அந்த வணிகரும் வாப்பாவைப் போல வாங்கியவர்தான், பொய் சொல்லாதவர்தான். கஸ்ஸாலி அவரைச் சட்டத்தின் முன் நிறுத்தவில்லை. சக மனிதனுக்கு நலம் நாடுவது என்ற அளவுகோலின் முன் நிறுத்துகிறார். மூதாட்டியின் சிரிப்பை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளத் தயங்குவதும் இதனால்தான். அது விற்றவரின் சிரிப்பில்லை. பஸ்ரா வணிகருக்கு மறுநாள் காலையில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. எனக்கு வவுனியா என்ற ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கிறது.

அந்த மனிதர் முஸ்லிம் இல்லையே என்றும் ஒருவர் என்னிடம் சொன்னார். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். வாங்க வருகிறவன் யார் என்று கேட்டதாக இல்லை.

வாப்பாவின் குறையை நான் ஏன் அச்சில் எழுதுகிறேன் என்பதற்கும் அதுவே பதில். இந்த ஊரைப் பற்றி அழகாக எழுதிவிட்டுப் போகலாம். எழுதுவதற்கு எல்லாம் இருக்கிறது: மலை, ஆறு, இறப்பர் மரங்களுக்கிடையில் இறங்கும் காலை வெயில், கடுதாசி மடிப்பிலிருந்து எழும் நீலம். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் 563 கரட் எடையுள்ள நட்சத்திர நீலம் ஒன்று 'ஸ்டார் ஒஃப் இந்தியா' என்ற பெயரோடு இருக்கிறது; அது இலங்கைக் கல் என்றே நம்பப்படுகிறது. அதைச் சேற்றிலிருந்து தூக்கிய கை எது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ஊர் பார்க்க வந்து எழுதுகிறவனும் ஒரு வகையில் ஓடைக்கரையில் நிற்கும் வியாபாரிதான். நனைந்த தானியத்தை அடியில் தள்ளிவிட்டால், அவனுடைய குவியல் எத்தனை அழகாக இருந்தாலும் அதில் மோசடி இருக்கிறது. என்னிடம் இருக்கிற ஈரம், எங்கள் வீட்டு அத்திவாரத்தில் இருக்கிறது.

என் முடிவு சிறியது. தம்பி தங்கைகளை நான் வற்புறுத்தவில்லை. மௌலவி சொன்னதுபோல அவர்களுக்குச் சட்டப்படி கடன் இல்லை. என் பங்கிலிருந்து ஒரு தொகையைப் பிரித்து வைத்திருக்கிறேன். அந்த மனிதரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வஸிய்யத்தில் எழுதி, அவருடைய வழியில் யாரும் வந்தால் அவர்களுக்கு, வராவிட்டால் அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்கு என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு என்ற கணக்கு எனக்குச் சரிவரவில்லை. அன்றைய கல்லின் விலையா, இன்றைய வீட்டின் விலையா? ஒவ்வொரு கணக்கிலும் எனக்குச் சாதகமான பக்கத்தை மனம் தேடுவதைக் கண்டு வெட்கப்பட்டேன்.

நாங்கள் புறப்படும்போது, லயத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். மங்கலான வெள்ளை. 'நானா, இது என்னா வெல போகும்?' என்று கேட்டான். எனக்குக் கல் பார்க்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அங்கே வைத்துச் சொல்லியிருக்க மாட்டேன். அவனுடைய தகப்பனிடம் பேசினேன். மறுநாள் காலை அவர்கள் இருவரும், ஆசிரிய நண்பரும், நானும் பஸ் ஏறிச் சாவியா வீதிக்குப் போனோம்.

பையனே கடுதாசியைப் பிரித்தான். மூன்று பேர் பார்த்தார்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: வெறும் பளிங்கு. ஒருவர் டோர்ச்சை அவன் கையில் கொடுத்து, பளிங்கை எப்படி அறிவது என்று காட்டிக்கொடுத்தார். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு கல்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவருடைய கல்லை எட்டிப் பார்த்தான்.